ஆரலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

2023 செப்டம்பரில் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் சேர்ந்த எம்.ஏ. படிப்பில் சேர்ந்தேன். அதற்கு முன் மன்னார்குடிப் பக்கம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். இதே படிப்புக்குப் போக நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் விசாவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் விண்ணப்பித்தபோது லண்டனில் படிப்பவர்களுக்கு மாதம் 1,334 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 12,006 பவுண்டும், அதோடு கட்டாமல் மீதியிருக்கும் கல்விக் கட்டணமும், தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். (இப்போது தொகை கூடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்பாவின் கணக்கைக் காட்டலாம், பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் இருந்தால் போதும். ஆனால் 28 நாளில் ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. எங்களுக்குப் பத்தொன்பதாவது நாள் ஏதோ ஒரு தவணை தானாகக் கழிந்து இருப்பு குறைந்துவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். அந்தக் கணக்கில் தானாகக் கழிகிற எல்லாவற்றையும் முதலிலேயே நிறுத்திவிடுங்கள். விசா பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

படிப்புக்கு வருகிறேன். மொத்தம் 180 கிரெடிட், அதில் 60 ஆய்வேட்டுக்கு. 50 எடுத்தால் தேர்ச்சி, 70-க்கு மேல் போனால் அதுதான் உச்சம், 80 எடுத்தவரை நான் பார்க்கவே இல்லை. இது தெரியாமல் போனால் முதல் மதிப்பெண் நெஞ்சில் அடிக்கும். நவம்பரில் பயிற்சிக்காக எழுதிய முதல் கட்டுரைக்கு எனக்கு 54. ஊரில் எப்படி எழுதிப் பழகினேனோ அப்படியே எழுதியிருந்தேன்: ஆசிரியர் பிறந்த ஆண்டு, அவர் காலம், இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படிச் சொல்கிறார், முடிவுரை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது, இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பெரியவர்கள் சொன்னதைத் தேடிச் சேர்த்திருக்கிறேனே, நான் யார் அதற்கு மேல் சொல்ல? அந்தக் கேள்வி நியாயமானது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது.

இன்னொன்றும் நடந்தது. முதல் வாரத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், எந்தெந்த மொழிகளில் மூலத்தையே வாசிப்பீர்கள் என்று. ஆங்கிலம் என்று எழுதினேன், ஆறு மாதம் படித்த பிரெஞ்சையும் எழுதினேன். தமிழை எழுதவில்லை. மறைக்க நினைத்து விடவில்லை, அது அந்தக் கேள்விக்கான பதில் என்றே தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த போலந்துப் பெண் முதல் வரியில் போலிஷ் என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் படிவத்தைத் திரும்ப வாங்கித் தமிழைச் சேர்த்தேன். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டபோது என் நெறியாளர் அந்தப் படிவத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

நான் எடுத்துக்கொண்டது குறுந்தொகையையும் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் நாடகத் தனிமொழிகளையும். பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ 1842-இல் வந்தது. ஒரு பிரபு இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டி, தன்னைப் பார்க்க வந்த தூதரிடம் பேசிக்கொண்டே போவான், கேட்பவர் கடைசிவரை வாய் திறப்பதில்லை. நம் அகப்பாட்டில் தலைவி பேசுவாள், தோழி கேட்பாள், பாட்டுக்குள் தோழியின் பதில் இருக்காது. இரண்டும் ஒன்று என்று சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. பிரௌனிங் தலைப்புக்குக் கீழே ‘ஃபெராரா’ என்று ஊர்ப் பெயரைப் போட்டுவிடுகிறார், நம்மிடமோ அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம். அப்படியானால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கூற்றுக் குறிப்பால், அதாவது இது இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று பாட்டோடு வரும் குறிப்பால். அந்தக் குறிப்புகள் பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தவை என்பதே பொதுவான கருத்து, ஆக கேட்பவரைப் பாட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது ஒரு வாசகர். இதுதான் என் வாதம். ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்டார்களே, அதற்கு முதன்முதலாக என்னிடம் ஒரு பதில் இருந்தது.

புத்தகத்துக்குத்தான் அலைந்தேன். பிரிட்டிஷ் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம் என்று கனவோடு போயிருந்தேன், 2023 அக்டோபர் கடைசியில் அங்கே சைபர் தாக்குதல் நடந்து பட்டியலே முடங்கிப்போனது. ஜனவரியில் பட்டியல் ஓரளவு திரும்பியது, ஆனால் கேட்ட புத்தகம் எல்லாம் கைக்கு வரவில்லை. அப்புறம் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய, ஆப்பிரிக்கப் படிப்புகளுக்கான கல்லூரியான சோவாஸின் நூலகம்தான் கைகொடுத்தது. மற்ற பல்கலைக்கழக நூலகங்களுக்குள் போக ஸ்கோனல் அட்டை என்று ஒன்று உண்டு, சேர்ந்த முதல் வாரமே எடுத்துவிடுங்கள். சோவாஸ் அலமாரியில் தமிழ் எழுத்து முதுகுகளை வரிசையாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் எதையும் எடுக்காமல் நின்றேன். இருந்தாலும் உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையின் மறுபதிப்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், இரண்டு சேலை குறைந்தாலும் பரவாயில்லை.

மொழிபெயர்ப்புதான் என் வருடத்தின் பெரும்பகுதியைத் தின்றது. மேற்கோளை மூலத்தில் தர வேண்டும், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையில் ரோமன் எழுத்தில் தர வேண்டும், கீழே என் மொழிபெயர்ப்பு. மூலமேற்கோள் சொற்கணக்கில் வருமா வராதா என்று துறையிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டேன், 15,000 சொல் எல்லைக்குள் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. தலைவி தலைவனைக் கள்வன் என்கிறாள், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள், அன்றைக்கு அங்கே இருந்தது ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவை மட்டும். கடைசி வரியில் ‘தான் மணந்த ஞான்று’ என்று வரும். நான் அதை அவன் என்னை மணம் முடித்த அன்று என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத நெறியாளர் அந்த இடத்தில் நிறுத்தி, கல்யாணம் ஆகியிருந்தால் இவளுக்கு ஏன் சாட்சி வேண்டும் என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மணத்தல் என்றால் அங்கே காதலர் கூடுவது, பாட்டின் குறிப்பே வரைவு நீட்டித்த இடம் என்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறது, அதனால்தான் அவளுக்குப் பயம். இன்றைய சொல்லை அன்றைய பாட்டில் போட்டு அவள் பயத்தையே அழித்திருக்கிறேன். இந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஆரல். ஒரு மொழிபெயர்ப்பில் லாம்ப்ரே என்று இருந்தது. தேடிப் பார்த்தால் அது வேறு மீனின்மேல் ஒட்டி ரத்தம் உறிஞ்சுகிற குளிர்நாட்டு மீன், நம் வாய்க்காலில் அதற்கு என்ன வேலை? வெறும் ஈல், அதாவது விலாங்கு என்று போட்டால் லண்டன் வாசகர்களுக்குக் கிழக்கு லண்டனின் ஜெல்லி போட்ட ஈல்தான் கண்ணில் வரும். அப்பாவுக்குப் போன் பண்ணினேன். “என்ன பாப்பா, நம்ம ஆராதான். உங்க அம்மா சாம்பல்ல போட்டுத் தேய்ப்பாளே” என்றார். மறுநாள் காலையில் சந்தைக்குப் போய், தராசுத் தட்டில் நெளிகிற ஆராவைப் படம் எடுத்து அனுப்பினார். முதுகில் முள் வரிசை தெளிவாகத் தெரிந்தது. ஸ்பைனி ஈல் என்று எழுதி, எட்டு வரியில் அடிக்குறிப்பு போட்டேன். அந்தப் படம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது, கீழே படம் எடுத்தவர் என்று அப்பாவின் பெயரோடு.