‘ஒரு இலைக்கு எவ்வளவு?’

கல்யாணச் சமையல் கான்ட்ராக்டருக்கு வரும் போனில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஆனால் அவருடைய இணையதளத்தைத் திறந்தால் பொத்தானில் ‘மேலும் அறிய’ என்று இருக்கிறது. படிவத்தின் அடியில் ‘சமர்ப்பிக்கவும்’. கடையில் நின்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. சின்ன வியாபாரங்களுக்குத் தளம் செய்துகொடுக்கும் வேலையில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இந்தச் சொற்கள்தான்.

‘இலை விலை கேட்க’ என்று எழுதினால், தட்டினால் என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். ‘கேட்க’, ‘அழைக்க’, ‘மெனு பார்க்க’ என்று முடிவது பொத்தானுக்குப் பாந்தமாக இருக்கும். ‘கேட்கவும்’ என்றால் அரசு அலுவலக அறிவிப்பின் வாடை வந்துவிடுகிறது.

அந்தப் பொத்தான் வாட்ஸ்அப்பைத் திறப்பதாக இருந்தால், செய்தியையும் பாதி எழுதி வைத்துவிடலாம்: ‘தேதி: ஊர்: எத்தனை இலை:’. வெறும் ‘ஹாய்’ வந்தால் இந்த மூன்றையும் கேட்டு வாங்கவே நாலைந்து செய்தி போய்வர வேண்டும். அதற்குள் பெண் வீட்டார் இன்னொருவரிடம் பேசிவிடுவார்கள். இணைப்பில் எண்ணை 91-இல் தொடங்கி 12 இலக்கமாக, இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். கூட்டல் குறி, சுழியம் எதுவும் முன்னால் வேண்டாம்.

நிறத்தில் நடக்கும் பெரிய தவறும் வாட்ஸ்அப்பை ஒட்டியதே. அதன் இளம்பச்சையில் வெள்ளை எழுத்து வைத்தால் ஒளி வேறுபாடு ஏறக்குறைய 2:1தான் வரும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறி, சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் எழுத்தே மறைந்துபோகும். அதே பச்சையில் கருப்பு எழுத்து வைத்தால் வேறுபாடு 10:1-ஐத் தாண்டிவிடும்.

தமிழ் எழுத்துக்கென்று தனிக் கவனமும் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 36 பிக்சல் உயரத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதில் ‘முன்பதிவுக்கு அழைக்க’ என்று போட்டால் இரண்டு வரியாக மடங்கி, கீழ்வரி வெளியே வழியும். சில நேரம் பாதியில் வெட்டுப்படும். தாய்மொழியில் எழுதியதைப் படிக்க முடியாமல் செய்வது வருத்தமான விஷயம். உயரத்தைப் பூட்டாமல், மேலும் கீழும் 12, பக்கவாட்டில் 20 பிக்சல் உள்வெளி (எழுத்துக்கும் பொத்தானின் விளிம்புக்கும் நடுவே இடம்) விடுங்கள். எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 1.5, குறைந்தபட்ச உயரம் 48. இவ்வளவு இருந்தால் கட்டைவிரலுக்கும் போதும்.

படிவமாக இருந்தால், தட்டியவுடன் பொத்தான் மாற வேண்டும். மெதுவான நெட்வொர்க்கில் எதுவும் அசையாவிட்டால் மறுபடி தட்டுவார்கள். ஒரே ஆர்டர் இரண்டாக வந்து நிற்கும். ‘அனுப்புகிறோம்…’ என்று மாற்றி, மறுபடி தட்ட முடியாதபடி பூட்டுங்கள். அனுப்ப முடியாமல் போனால் பூட்டைத் திறந்து, எழுதியது அழியாமல் திருப்பிக் கொடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

‘அழைக்க’ பொத்தானுக்குக் கீழே நேரத்தையும் எழுதுங்கள். முகூர்த்த நாள் காலையில் அவர் அடுப்படியில் நிற்பார், போனை எடுக்க ஆளிருக்காது. ‘மதியம் 2 முதல் இரவு 8 வரை’ என்ற சின்ன வரி இருந்தால், காலையில் பார்ப்பவர் வாட்ஸ்அப்பில் தேதியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.