வட ஒன்ராறியோவில் துவக்கு லைசென்ஸ் எடுத்த அனுபவம்

ரொறன்ரோவில் இருக்கும்வரை துவக்கு என்றால் எனக்குக் கொலைச் செய்திதான். அதற்கு முன்பு ஊரில், சோதனைச்சாவடியில் நெஞ்சுக்கு நேரே நீண்ட குழல். வேலை மாறி வடக்கே வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியைச் சேமித்துக் குளிர்காலம் முழுவதும் குடும்பத்துக்குச் சமைப்பதைப் பார்த்தேன். அவரோடு வேட்டைக்குப் போக ஆசை வந்தது. அதற்கு முதற்படி கனடாவின் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு.

வகுப்பில் சுடவே மாட்டார்கள். ஒவ்வொரு துவக்கிலும் குண்டு இருப்பதாகவே நினை, குழலை ஆட்கள் பக்கம் திருப்பாதே, விசையில் விரல் வைக்காதே. திரும்பத் திரும்ப இதுதான். துவக்கைத் தூக்கியதும் விரல் தானாக விசைக்குப் போகும். அதை அடக்கப் பழகுவதே பெரிய பாடு. எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுக்கவேண்டும்.

இடைவேளையில் ஒரு செம்மறி விவசாயி, 1995 சட்டம் கொண்டுவந்த நீள்துவக்குப் பதிவை, அதாவது வேட்டைத் துவக்கு போன்றவற்றையும் அரசிடம் பதியவேண்டும் என்ற விதியை, இன்னும் கோபமாகப் பேசினார். அது 2012இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கிடமிருந்து ஆட்டைக் காக்கிற தன்னைக் குற்றவாளிபோல நடத்தினார்கள் என்ற காயம் ஆறவில்லை. நகரத்திலிருந்து வந்த ஒரு பெண், 1989இல் மொன்றியல் எக்கோல் பொலிரெக்னிக் பொறியியல் கல்லூரியில் துவக்கோடு வந்த ஒருவனால் கொல்லப்பட்ட 14 பெண்களை நினைவூட்டினார். விவசாயி மறுத்துப் பேசவில்லை. எனக்கு இருவர் சொன்னதும் விளங்கியது. ஆனால் லைசென்ஸ் கேட்கிற ஆளைப் பற்றிய விசாரணையை ஒருபோதும் தளர்த்தக்கூடாது என்பதே என் எண்ணம்.

விண்ணப்பத்தில் அந்த விசாரணை தெரியும். விவாகரத்து, வேலை இழப்பு, மனச்சோர்வு எல்லாம் கேட்பார்கள். நம்மை நன்கு அறிந்த இருவரின் பெயர் கொடுக்கவேண்டும். மனைவியின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. அவர் போடாவிட்டால் அதிகாரிகளே அவருக்கு அறிவிப்பார்கள்.

“பிள்ளையள் இருக்கிற வீட்டுக்குள்ள துவக்கோ?” என்றார் என் மனைவி. குண்டு நீக்கிப் பூட்டிவைக்கும் விதிகளை வாசித்துக் காட்டினேன். போரில் தமையனை இழந்தவருக்கு விதிகள் போதவில்லை. சில நாள் கதைத்தபின், “லைசென்ஸ் எடுங்கோ, துவக்கு இங்க வரக்கூடாது” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். வேட்டையின்போது பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதை இரவல் தருவார்.

புதியவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. அட்டை வந்துவிட்டது, ஐந்து வருடம் செல்லும். வேட்டைக்குத் தனி வகுப்பும் தனி அட்டையும் வேண்டும். இலையுதிர்காலத்துக்கு முன் அவற்றையும் முடிக்க இருக்கிறேன்.