கப்பல் ஏறாதவர்களின் கதை

பர்மாத் தமிழர் கதை என்றால் இரண்டே வருடங்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானோர் காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். 1964இல் நே வின்னின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்ற பிறகு கப்பல் ஏறினார்கள். எங்களில் யார் எழுத உட்கார்ந்தாலும் கை இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகிறது. பெரிய துயரங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களை யார் எழுதுவது?

புதுக் கதை வேண்டுமென்றால் நான் முதலில் ஒரு பிழைப்பைத் தேடுவேன். ஒவ்வொரு பிழைப்புக்கும் தனிப் பேச்சு, தனிப் பயம், தனிப் பருவம் உண்டு.

உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இட்லிக்கு ஊறுவதில் பர்மா உளுந்தும் உண்டு. பெகு, ஐராவதிப் பக்கம் மழைக்கால நெல்லை அறுத்ததும், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் விதைப்பார்கள். தஞ்சாவூர் நெல் தரிசு உளுந்து மாதிரியேதான். அறுவடை மாசி, பங்குனியில். அந்தக் கதையில் மழை பெய்யவே முடியாது! எங்கள் கதைகளில் பாதி மழையில் நனைந்தவை, கடைசிப் பத்தியில் கட்டாயம் பெய்யும். மழை போனதும் தூசி வருகிறது, வெடிக்கும் நெற்று வருகிறது, வாக்கியமே வறண்டு குட்டையாகிறது. 2017இல் இந்தியா இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்ததும் இங்கே விலை சரிந்தது. போரே இல்லாமல் ஒரு குடும்பம் ஆட்டம் காண அது போதும்.

அப்புறம் அந்தக் கடிதம். பாட்டியின் பெட்டி, அடியில் கடிதம், பேத்தி படித்து அழுவாள். எத்தனை கதைகள்! இன்றைய பேத்திகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மிய மொழி. அப்படியென்றால் அவள் கடிதத்தை யாரிடமாவது கொண்டுபோக வேண்டும். யாரிடம்? படித்துச் சொல்பவர் ஒரு வரியை விழுங்கிவிட்டால்? உள்ள நிலைமையை அப்படியே வைத்தாலே நைந்த கதையில் புது முடிச்சு விழுகிறது.

இப்போது என் கதையில் இருப்பவள் ரங்கூனின் பயின்னாங் மொத்தச் சந்தையில் உளுந்துத் தரம் பார்ப்பவள். ஒருபிடி அள்ளினாலே போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஈர மூட்டைகளைத் தேறியது என்று சொல்லச் சொல்கிறார் முதலாளி. அடுத்த பக்கம் நகரவில்லை. அடுத்த வாரம் சந்தைக்குப் போய், அந்த வேலை செய்பவர்களிடமே கேட்கப்போகிறேன், அப்படிப்பட்ட மூட்டையைக் கடைசியில் யார் தலையில் கட்டுவார்கள் என்று.