ஊடகமும் பண்பாடும் படிப்பது பற்றி

ஊடகம், பண்பாடு, தொடர்பியல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்றதும், செய்தி வாசிக்கப் போகிறாயா என்றே பலரும் கேட்கிறார்கள். கேமராப் பயிற்சியும் இதில் உண்டு; என்னை ஈர்த்தது வேறு. 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையம், வார இதழ்களையும் தொலைக்காட்சியையும் இலக்கியத்துக்கு நிகரான கவனத்தோடு வாசித்தது. செய்தியை உருவாக்குபவர் அதில் ஏற்றிவைக்கும் பொருளைப் பார்வையாளர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மாற்றிக்கொள்ளலாம், முற்றிலும் எதிர்த்தும் வாசிக்கலாம் என்று அங்கே பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்துதான், என் பார்வையில், இத்துறையின் முதுகெலும்பு.

வேலைநிறுத்தம் பற்றிய செய்தித் தொகுப்பு ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நிர்வாகி அமைதியான அறையில், மேசைக்குப் பின்னால் அமர்ந்து பேசுகிறார். தொழிலாளர்களோ தெருவில், நெரிசலில், கையை உயர்த்தியபடி, பெயர்கூடத் திரையில் தோன்றாமல் கடந்துபோகிறார்கள். ஒரு சொல்லும் காதில் விழுமுன்பே யார் பக்கம் நியாயம் என்ற எண்ணம் உருவாகிவிடுகிறது. அதே காட்சியை ஒரு தொழிலாளியின் குடும்பம் வேறுவிதமாகவே வாசிக்கும். அதனால்தான் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பேசும் களஆய்வைக் கோட்பாட்டு வகுப்புகளைவிட முக்கியமாகக் கருதுகிறேன். சேரவிருப்பவர்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.