அப்பா ரிப்போர்ட்ல வந்த எம் பேண்ட்

போன வருஷம் அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்த டெஸ்ட்ல தான் எல்லாம் ஆரம்பிச்சுது. வயசு 66, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. சுகர் ஓகே, ஹீமோகுளோபின் 13.2, ஆனா ஈ.எஸ்.ஆர் (ரத்த அணு படியிற வேகம்) 68, டோட்டல் புரோட்டீன் 8.7, அதுல அல்புமின் 4.2 போக மிச்சம் குளோபுலின் 4.5னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதால யாரும் அத கண்டுக்கல. நான் தான் மனசு கேக்காம ஒரு கிளினிக்ல காட்டினேன், அங்க "புரோட்டீன் ஜாஸ்தியா இருக்கு, முட்டை பருப்பு கொறைங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அவரும் மூணு வாரம் முட்டைய தொடல, சுண்டல் கெடையாது, வெறும் ரசம் சோறு. ரெண்டு கிலோ எளச்சது தான் மிச்சம். அப்புறம் எளச்சுட்டாரேன்னு அதுக்கு வேற பயந்தோம், இந்த கூத்த எங்க போய் சொல்ல. ரத்தத்துல இருக்குற குளோபுலினுக்கும் தட்டுல இருக்குற முட்டைக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்கு அப்ப தெரியாது. அந்த குளோபுலின்ல ஒரு பெரிய பங்கு நோய் எதிர்ப்பு புரோட்டீன், அத செய்யிறது எலும்பு மஜ்ஜைல இருக்குற பிளாஸ்மா செல்லுங்க.

மதுரைல ஒரு ஹெமட்டாலஜிஸ்ட்கிட்ட, அதான் ரத்த நோய் டாக்டர்கிட்ட, போனோம். அவரு எழுதினது சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோபோரிசிஸ், ரத்தத்துல இருக்குற புரோட்டீன வகை வகையா பிரிச்சு கிராஃப்பா காட்டுற டெஸ்ட். ரிசல்ட்ல "காமா பகுதியில் எம் பேண்ட், டெசிலிட்டருக்கு 1.8 கிராம்"னு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி மொபைல்ல தேடுனா எத தட்டினாலும் மயலோமா, மயலோமா, புற்றுநோய்னே வருது, விடிய விடிய தூக்கமில்ல.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட் கவர் பின்னாடியே, அந்த கிராஃப் எப்படி எப்படி வரும்னு ரெண்டு படம் போட்டாரு. ஒண்ணு கரடு மாதிரி அகலமா மேடு, இன்னொண்ணு கோயில் கொடிமரம் மாதிரி ஒல்லியா நெட்டுக்குத்தலா. டிபி, நாள்பட்ட இன்ஃபெக்‌ஷன், ஈரல் பிரச்சனை இதுலல்லாம் பல வகை செல்லும் சேந்து பல வகை புரோட்டீன் செய்யும், அது கரடு. கொடிமரம் தான் எம் பேண்ட், அப்படின்னா ஒரே ஒரு செல்லோட வாரிசுங்க மட்டும் பெருகி ஒரே புரோட்டீன திரும்பத் திரும்ப செய்யுதுன்னு அர்த்தம். அப்பா டக்குனு "ஒரே நம்பர் டிக்கெட்டயே ஊருக்கெல்லாம் கிழிக்குற மாதிரிங்களா சார்?"னாரு. டாக்டர் சிரிச்சுட்டு "அதே தாங்கய்யா"ன்னாரு.

அடுத்து இம்யூனோபிக்சேஷன், எந்த வகை புரோட்டீன்னு பாக்க. ஐஜிஜி கப்பாங்குற வகைன்னு வந்துச்சு. ஃப்ரீ லைட் செயின்னா அந்த நோய் எதிர்ப்பு புரோட்டீனோட ஒட்டாம தனியா சுத்துற சின்ன துண்டுங்க, அதுல ரெண்டு வகையோட ரேஷியோ 3.1, நார்மல் 0.26ல இருந்து 1.65 வரைக்கும். 24 மணி நேர யூரின் வேற, காலைல எழுந்ததும் போற முதல் யூரின விட்டுடணும், மறுநாள் காலைல முதல்ல போறத சேத்துக்கணும், இத யாரும் தெளிவா சொல்லாததால நாங்க முதல் கேன கொட்டிட்டு திரும்ப புடிச்சோம். சாதா யூரின் டெஸ்ட்ல புரோட்டீன் நில்னு தானே இருக்குன்னு கேட்டேன், யூரின்ல முக்கிப் பாக்குற அந்த பட்டைல அல்புமின் தான் தெரியும், லைட் செயின் நழுவிடும்னாரு டாக்டர்.

போன் மேரோ, அதாவது எலும்பு மஜ்ஜை எடுக்கணும்னதும் அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க, முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்க, காலு போயிடும்னு யாரோ சொல்லிருக்காங்க. முதுகுத்தண்டே இல்ல, இடுப்புக்குப் பின்னாடி இருக்குற எலும்பு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மரத்துப் போக ஊசி போட்டுட்டு எடுத்தாங்க. குத்துறப்ப ஒண்ணும் தெரியல, உறிஞ்சுறப்ப மட்டும் காலு வரைக்கும் சுண்டி இழுத்துச்சுன்னாரு அப்பா. அன்னிக்கே பஸ்ல வீட்டுக்கு வந்துட்டோம்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு வாரம், அது தான் நரகம். பிளாஸ்மா செல் 6 சதவீதம். கால்சியம், கிட்னி, ரத்தசோகை, எலும்பு, இந்த நாலுல எதுலயும் கோளாறு இல்ல, எலும்புக்கு உடம்பு முழுக்க சிடி எடுத்து பாத்தாங்க. எம் புரோட்டீன் 3 கிராமுக்கு கீழ, பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்கு கீழ, நாலும் சுத்தம்னா அதுக்குப் பேரு எம்.ஜி.யு.எஸ். புற்றுநோய் இல்ல, ஆனா ஆகலாம், சராசரியா வருஷத்துக்கு நூறுல ஒருத்தருக்கு மாறும். அப்பாவுக்கு எம் புரோட்டீன் 1.5க்கு மேல, ரேஷியோவும் சரியில்லங்கறதால அந்த சராசரிய விட கொஞ்சம் கூட. இத டாக்டர் மறைக்காம சொன்னது எனக்கு புடிச்சுது.

மருந்து? ஒண்ணும் கெடையாது. இது தான் வீட்ல யாருக்கும் புரியல. சித்தப்பா "வியாதிய கண்டுபுடிச்சுட்டு சும்மா விடுவாங்களா, வேற டாக்டர பாரு"ன்னு ஒரே சண்டை. டாக்டரோ, இந்த கட்டத்துல மருந்து குடுத்தா பக்கவிளைவு தான் மிச்சம், ஆறு மாசம் கழிச்சு பாப்போம், சீரா இருந்தா அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா போதும்னாரு. நடுவுல முதுகுவலி விடாம இருந்தாலோ, ஆளு ரொம்ப சோர்ந்து போனாலோ, காய்ச்சல் அடிக்கடி வந்தாலோ காத்திருக்காம வரச் சொன்னாரு. முட்டிவலிக்கு அப்பாவே மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிட்டிருந்த மாத்திரைய கிட்னிக்கு ஆகாதுன்னு நிறுத்தச் சொல்லிட்டாரு. எப்பவும் ஒரே லேப்ல எடுங்க, லேப் மாத்துனா நம்பரும் கொஞ்சம் ஆடும்னு சொன்னாரு.

ஆறாம் மாச ரிப்போர்ட் 1.7. நான் கொறஞ்சிருச்சுன்னு துள்ளினேன், டாக்டர் கண்ணாடிய கூட தூக்காம "அதே தாம்மா, மாத்தம் இல்ல"ன்னாரு. அப்பா வெளிய வந்ததும் ஃபைல எங்கிட்ட குடுத்துட்டு மாட்டுத்தாவணில நேரா ஒரு கடைக்குள்ள போய் ரெண்டு ஆஃபாயில் சொன்னாரு.