ஒரே மழை, இரண்டு நிறம்

காலை மழை விட்டதும் சிங்கப்பூரின் பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றோரம் நின்றோம். தண்ணீர் தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்தில் ஓடியது. "அப்பா, போன வாரம் மெக்ரிச்சி காட்டுல பார்த்த ஓடை, மழைக்கு அப்புறமும் தெளிவாத்தானே இருந்துச்சு?" என்றாள் மகள்.

நல்ல கேள்வி. காட்டில் துளி முதலில் இலையில் விழும், பிறகு சருகில். மண்ணை வேர் பிடித்திருக்கும். வெட்டிப் போட்ட வெற்று நிலத்தில் துளி நேராக மண்ணை அடிக்கிறது. அதனால்தான் கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்கு விடும் நீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

நீரின் அளவில், அமேசானுக்கு முன் சீனத்தின் மஞ்சள் ஆறு ஒரு சிற்றோடை. ஆனாலும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 கோடி டன் வண்டல் சுமந்தது! காற்று கொண்டுவந்து குவித்த மாவு போன்ற மண், மரமில்லாத சரிவுகள், கோடைப் பெருமழை. ஆண்டு வண்டலில் பெரும்பங்கு சில மழை நாட்களிலேயே போய்விடும். வெயில் நாளில் மட்டும் அளந்தால் ஆற்றின் கணக்கே தப்பு.

அடுத்த மழை விட்டதும் இரண்டு இடத்திலும் பாட்டிலில் நீர் பிடித்து, அடியில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கப் போகிறோம்.