புது நியூரானும் டிஸ்க்1 மரபணுவும்: இணைப்புகளை நாள் கணக்கில் பின்தொடரும் முறை

வளர்ந்த சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி), டென்டேட் ஜைரஸ் என்ற வளைந்த பட்டையின் உள்விளிம்பில், தினமும் புது நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பிறக்கின்றன. மனநோய்க்கான அபாயத்தைக் கூட்டும் மரபணுவில் குறை இருந்தால், அப்படிப் பிறந்த செல் எப்போது, எந்த செல்லோடு இணைகிறது என்று பார்க்க நாங்கள் கையாளும் முறையை இங்கே எழுதுகிறோம். இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படை செல்லின் வயது. எந்த நாளில் பிறந்தது, எந்த நாளில் பார்த்தோம் என்ற கணக்கு பிசகினால், எவ்வளவு அழகான படம் எடுத்தாலும் பயனில்லை.

மரபணுவைப் பொறுத்தவரை டிஸ்க்1-இல் தொடங்கலாம். ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் 1ஆம், 11ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறியிருந்தன. அந்த மாற்றம் இருந்தவர்களில் பலருக்கு மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. இந்தத் தொடர்பு 1990இல் வெளியானது. முறிந்த இடத்தில் இருந்த மரபணு 2000இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் செய்த முழு மரபணுத்தொகுதி ஆய்வுகளில் டிஸ்க்1 முன்னணியில் வரவில்லை. ஆகவே இதை 'மனச்சிதைவு மரபணு' என்று அழைக்க மாட்டோம். செல் வளரும் வேகத்தை மாற்றிப் பார்க்க உதவும் நல்ல கருவி இது, அவ்வளவுதான்.

புது செல்லை மட்டும் பிடிக்க ரெட்ரோவைரஸ் வேண்டும். செல் பிரியும்போது உட்கருவைச் சூழ்ந்த உறை கலைந்தால்தான் இந்த வைரஸ் குரோமோசோமுக்குள் நுழைய முடியும். பிரிந்து முடித்த பழைய நியூரானுக்குள் அதற்கு வழியில்லை. லென்டிவைரஸ் அப்படியல்ல, பிரியாத செல்லிலும் புகுந்துவிடும். இரண்டையும் மாற்றி எடுத்தால் சோதனையே வேறாகிவிடும். வைரஸுக்குள் இரண்டு பகுதிகள் வைக்கிறோம்: டிஸ்க்1-ஐக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ ஒன்று, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் ஒன்று. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எந்த எலி மரபணுவோடும் பொருந்தாத சிறு ஆர்என்ஏ. மூன்றாவதாக, சிறு ஆர்என்ஏ-வால் அழியாதபடி எழுத்து மாற்றிய டிஸ்க்1-ஐத் திருப்பிக் கொடுக்கும் குழுவும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், பார்த்த மாற்றம் டிஸ்க்1-ஆல் வந்ததா, சிறு ஆர்என்ஏ வேறு எதையோ தாக்கியதால் வந்ததா என்று சொல்ல முடியாது.

வைரஸைத் தயாரிக்க, பிளாஸ்மிட் எனப்படும் டிஎன்ஏ வளையங்களைச் செலுத்திய 293 என்ற வளர்ப்பு செல்களின் ஊடகத்தை 48 மணி நேரத்தில் எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 4 டிகிரியில் அதிவேக மையவிலக்கில் சுற்றி, சில பத்து மைக்ரோலிட்டராகச் சுருக்குகிறோம். ஒரு ஊசிக்குப் போதுமான சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். உருக்கிய பங்கை மறுபடி உறைய வைத்தால் வீரியம் கணிசமாகக் குறையும். பிறகு ஒரு எலியில் நிறைய செல், அடுத்ததில் நாலைந்து செல் என்று வரும்.

விலங்கு நெறிக்குழு ஒப்புதல் கையில் வந்த பிறகே எலியைத் தொடலாம். ஆறு முதல் எட்டு வார வயதுதான் வசதி. வயது ஏற ஏறப் புது செல் பிறப்பது வேகமாகக் குறைகிறது. எல்லா எலிகளுக்கும் ஒரே மாதிரிக் கூண்டு தர வேண்டும். ஒரு கூண்டில் மட்டும் ஓட்டச் சக்கரம் இருந்தால் அங்கே செல் எண்ணிக்கை கூடிவிடும், அதை மரபணுவின் வேலை என்று எண்ணிவிடுவோம்.

மயக்கம் கொடுத்துத் தலையைச் சட்டத்தில் பொருத்தியதும், மண்டையோட்டில் பிரெக்மா, லாம்ப்டா இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி சரிசெய்கிறோம். பிரெக்மாவிலிருந்து 2 மி.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 1.6 மி.மீ. பக்கவாட்டில், 2.5 மி.மீ. ஆழத்தில் ஒரு இடம், 3 மி.மீ. பின்னால், 2.6 பக்கவாட்டில், 3.2 ஆழத்தில் இன்னொன்று. இரு பக்கமும் சேர்த்து நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் 0.5 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 0.25 வேகத்தில். எலி இனத்துக்கும் எடைக்கும் ஏற்ப இந்த அளவுகள் சற்று நகரும், அதனால் முதலில் சாயத்தைச் செலுத்தி, மூளையை வெட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. வைரஸ் இறங்கியதும் ஊசியை உடனே உருவக் கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு மெல்ல எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வைரஸ் ஊசி போன தடத்திலேயே மேலேறி, ஹிப்போகாம்பஸின் இன்னொரு பகுதியான சிஏ1-இல் தங்கிவிடும். அங்கே பிரியும் நியூரான் கிடையாது; பச்சையாகத் தெரிவதெல்லாம் நியூரான் அல்லாத துணைச் செல்களான கிளையா செல்கள்தான். ஊசித் தடத்தை ஒட்டித் தெரியும் செல்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. காயத்தில் பெருகும் மைக்ரோகிளையா (மூளையின் நோயெதிர்ப்பு செல்) பழைய நியூரானோடு ஒட்டி இணைந்து, அதையும் பச்சையாக்கிவிடும்.

இனி, வைரஸ் செலுத்திய நாளையே செல் பிறந்த நாளாக வைத்த நாள் கணக்கு. முதல் வாரத்தில் செல்லுக்கு சினாப்ஸ் (இன்னொரு நியூரானோடு சேரும் இணைப்பு) இல்லை. சுற்றிலும் பரவியிருக்கும் காபா என்ற நரம்புக் கடத்தி மட்டும் அதைத் தூண்டுகிறது. ஏறத்தாழ பத்து நாளில், செய்தியை வெளியே கொண்டுசெல்லும் இழையான ஆக்ஸான், ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதியைத் தொடுகிறது. 14ஆம் நாளுக்குள் காபா சினாப்ஸ்கள் அமைகின்றன. 16ஆம் நாளை ஒட்டி, செய்தியைப் பெறும் கிளையான டென்ட்ரைட்டில் சினாப்ஸ் அமையும் சிறு முட்கள் முளைக்கின்றன, குளூட்டமேட் என்ற கடத்தியின் உள்ளீடுகள் வரத் தொடங்குகின்றன. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் சினாப்ஸ்கள் மிக எளிதில் வலுப்படும் பருவம். எட்டு வாரத்தில் பழைய செல்களைப் போலவே ஆகிவிடும்.

டிஸ்க்1 குறைந்த செல் இந்த அட்டவணையை முந்துகிறது. 14ஆம் நாளில் அதன் டென்ட்ரைட்கள் கட்டுப்பாட்டு செல்லைவிட நீளம், செல்லுடல் பெரிது, முட்களும் சீக்கிரம். இருக்க வேண்டிய உள்விளிம்பைத் தாண்டி வெளிப்புறம், சில சமயம் மூலக்கூறு அடுக்கு வரை போய் நிற்கிறது. ஆக்ஸானும் சிஏ3-இல் நில்லாமல் சிஏ1 வரை போகக்கூடும். 14ஆம் நாளில் மட்டும் பார்ப்பவருக்கு 'நன்றாக வளர்ந்த செல்' என்று தோன்றும். உண்மையில் அது சுற்று தயாராகும் முன்பே வந்து தவறான இடத்தில் இணைந்த செல். அதனால்தான் ஒரே குழுவை 14, 28 என இரு நாட்களிலாவது பார்க்கச் சொல்கிறோம்.

மூளையை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை வைத்து, 40 மைக்ரான் துண்டுகளாக வெட்டுகிறோம். துண்டின் ஓரத்தில் டென்ட்ரைட் அறுந்த செல்லை அளந்தால் நீளம் பொய் சொல்லும். முழுக் கிளையும் உள்ளே இருக்கும் செல்லையே எடுக்க வேண்டும். எந்தக் குழு என்று தெரியாதவர் அளப்பதே சரி. ஒரு எலியில் ஐம்பது செல் அளந்தால் அது ஐம்பது தனிச் சான்றுகள் ஆகாது. சான்று ஒரு எலிதான். இதைக் கவனிக்காமல் வரும் 'வலுவான' முடிவுகள் நிறைய.

உள்ளீடு எங்கிருந்து வருகிறது என்று அறிய, அடுத்த செல்லுக்குப் பரவத் தேவையான ஜி புரதம் நீக்கிய ரேபிஸ் வைரஸ். முதலில் ரெட்ரோவைரஸ் வழியாகப் புது செல்லுக்கு டிவிஏ என்ற பறவை வைரஸ் ஏற்பியும் ஜி புரதமும் கொடுக்கிறோம். பறவை வைரஸின் உறை போர்த்திய ரேபிஸ் அந்த ஏற்பி உள்ள செல்லில் மட்டும் நுழைந்து, ஒரே ஒரு சினாப்ஸ் பின்னோக்கிப் போகும். அருகிலுள்ள இடைநியூரான்கள், தள்ளியிருக்கும் செப்டம், என்டோரைனல் புறணி ஆகிய மூளைப் பகுதிகள் எல்லாம் ஒளிர்வதை இப்படிப் பார்க்கலாம். ஜி புரதம் கொடுக்காத எலி ஒன்றும் உடன் இருக்க வேண்டும். அதிலும் தொலைவில் செல்கள் ஒளிர்ந்தால் வைரஸ் கசிகிறது என்று பொருள். 21ஆம் நாளில் ரேபிஸ் செலுத்தி 28இல் பார்த்தால், தெரிவது அந்த ஏழு நாட்களில் இருந்த இணைப்புகள். '28 நாள் செல்லின் இணைப்பு' என்று எழுதுவது சரியில்லை.

டிஸ்க்1 குறைவதால், செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் என்ற சமிக்ஞைப் பாதை மிகையாக இயங்குகிறது. அதைத் தடுக்கும் ராபமைசின் என்ற மருந்து வளர்ச்சிக் கோளாறுகளில் பலவற்றைத் திருத்துகிறது. ஆனால் ராபமைசின் சாதாரண செல்லையும் பாதிக்கும் என்பதால் நான்கு குழுக்கள் தேவை: கட்டுப்பாடு, குறைப்பு ஆகிய இரண்டும், ஒவ்வொன்றும் மருந்தோடும் மருந்து இல்லாமலும்.

மனித மூளைக்கு இதை நீட்டும்போது நிதானம் வேண்டும். 1998இல் மனித ஹிப்போகாம்பஸில் புது நியூரான் பிறப்பது காட்டப்பட்டது. கார்பன்-14 கொண்டு 2013இல் வந்த கணக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் நாளுக்குச் சுமார் 700 என்றது. 2018இல் ஒரு குழு பெரியவர்களிடம் அவை காணக்கிடைக்கவில்லை என்றது, அதே ஆண்டு இன்னொரு குழு இருக்கின்றன என்றது. முதிராத நியூரானுக்கு அடையாளமான டபுள்கார்ட்டின், திசு பதப்படுத்தும் திரவத்தில் அதிக நேரம் கிடந்தால் மறைந்துபோகிறது என்பது 2019இல் தெளிவாகக் காட்டப்பட்டது. இறந்தவர் திசுவில் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிடுபவர்கள் ஒவ்வொரு மூளைக்கும் இறப்புக்கும் பதப்படுத்தலுக்கும் இடைப்பட்ட மணி நேரத்தையும், திரவத்தில் இருந்த நேரத்தையும் தனித்தனியே எழுதிவைத்து, இரு குழுக்களிலும் அவை சமமாக இருக்கும்படி மாதிரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.